ஒரே பத்திரத்துல அஞ்சு இடத்துல ‘கோட்டை’: எது எந்தக் கோட்டை?

மேலவீதி கேட்டது:

கொல்லம் 1076 மாசியில எழுதின பாகப்பிரிவினைப் பத்திரம். ஸ்ரீவைகுண்டம் பக்கம், தாமிரவருணிப் பாசன நஞ்சை. ‘கோட்டை’ அஞ்சு வரியில வருது. எழுத்து மாத்தாம போடுதேன்.

1) நஞ்சை கோட்டை 1 மரக்கால் 7 விதைப்பாடு
2) மேற்படிக்கு வருசம் 1க்குப் பாட்டம் நெல் கோட்டை 8
3) கீழ்பாற்கெல்லை, கோட்டைக்குப் போகிற வண்டித்தடத்துக்கு மேற்கு
4) மச்சில் இருக்கிற விதைக்கோட்டை 3
5) கோட்டையடுப்புக்குள்ள உருளி 1, அண்டா 2

எல்லாத்துக்கும் நெல்லளவு மாதிரி கோட்டைக்கு 21 மரக்கால்னே கணக்கு வச்சுக்கலாமா? இப்போ பட்டாவுல 0.81.50 ஹெக்டேர்னு இருக்கு. அது முதல் வரியோட பொருந்துதா, இல்ல நிலம் குறைஞ்சிருக்கா?

---

ஏட்டுச்சுவடி எழுதியது:

எல்லாத்துக்கும் 21 போட்டீங்கன்னா மூணு வரி தப்பாப் போயிரும் அண்ணாச்சி. நம்ம பக்கத்துப் பத்திரத்துல ‘கோட்டை’யைத் தனியா படிக்கக் கூடாது. முன்னாலயும் பின்னாலயும் என்ன சொல் நிக்குன்னு பாக்கணும். ‘விதைப்பாடு’ன்னு முடிஞ்சா நிலம். முன்னால ‘நெல்’, ‘பாட்டம்’ (குத்தகை), ‘வாரம்’ (விளைச்சல் பங்கு) இருந்தா முகத்தல் அளவு. ‘க்கு’, ‘வாசல்’, ‘அகழி’ ஒட்டிக்கிட்டு வந்தா நிஜக் கோட்டை.

இரண்டாவது வரியை முதல்ல முடிச்சிருவோம். நெல்லளவுல ஒரு கோட்டைன்னா 21 மரக்கால். 8 கோட்டைக்கு 168 மரக்கால். பொது வாய்பாட்டுல ஒரு மரக்கால் 8 நாழிங்கிறதால ஒரு கோட்டைக்கு 168 நாழி வரும். ரெண்டு இடத்துலயும் அதே 168 வந்து நிக்குதுல்லா, ஒண்ணு மரக்கால், ஒண்ணு நாழி. கூட்டும்போது இங்கதான் பலரும் வழுக்குவாங்க.

இதை இன்னைக்குக் கிலோவா மாத்தணும்னா பட்டியலை நம்பாதீங்க. மரக்கால் ஊருக்கு ஊர் வேற, கோயில் மரக்கால் வேற, பண்ணை மரக்கால் வேற. பத்திரத்துல ‘இன்ன மரக்காலால்’னு ஒரு சொல் பெரும்பாலும் எங்கயாவது இருக்கும், தேடுங்க. அந்த மரக்கால் வீட்டுல கிடந்தா, காஞ்ச நெல்லைத் தலைதட்டி ஒரு தடவை அளந்து எடை போட்டு 21ஆல பெருக்குங்க. கும்பமா அளந்தா எடை கூடிரும். பாட்டத் தகராறுல பாதி, தலைதட்டா கும்பமாங்கிறதுலதான் வரும். களத்து அளவுக் குறிப்பு ஏதாவது கூட இருந்தா இன்னொண்ணையும் கவனிங்க. முதல் மரக்காலை ‘ஒன்று’ன்னு எண்ண மாட்டாங்க, ‘லாபம்’னு சொல்லிட்டு அடுத்தது ‘ரெண்டு’. ‘லாபம்’னு எழுதியிருந்தா அது வருமானம்னு நினைச்சுத் தனியாக் கூட்டிராதீங்க, அது ஒரு மரக்கால்.

பின்னம் வந்தா இன்னும் கவனம். ‘கால் கோட்டை’ன்னா 5¼ மரக்கால். ‘அரைக்கால் கோட்டை’ன்னா எட்டுல ஒண்ணு, அதாவது 2⅝ மரக்கால். அரையும் காலும் சேர்ந்த முக்கால்னு இதைப் படிச்சவங்க உண்டு. ஆறு மடங்கு தப்பு அது! ‘மாகாணி’ பதினாறுல ஒண்ணு, ‘மா’ இருபதுல ஒண்ணு, ‘காணி’ எண்பதுல ஒண்ணு. ‘மா’வும் ‘காணி’யும் வேற பக்கத்துல நில அளவுப் பேராவும் வரும். கோட்டைக்கு முன்னால வந்தா பின்னமாத்தான் எடுக்கணும்.

பழைய கையெழுத்துல குறில் ஒ, நெடில் ஓ ரெண்டுக்கும் ஒரே கொம்புதான், புள்ளியும் வைக்க மாட்டாங்க. அதனால ‘கொட்டை’யும் ‘கோட்டை’யும் கண்ணுக்கு ஒண்ணுபோல இருக்கும். புளி, பருத்தி, முத்துன்னு பேச்சு வர்ற வரியா இருந்தா அது கொட்டையாத்தான் இருக்கும்.

பத்திரத் தேதிக்கு: கொல்லம் ஆண்டு நம்ம பக்கத்துல ஆவணியில பிறக்கும். ஆவணியில இருந்து மார்கழி நடு வரைக்கும் 824 கூட்டணும், அதுக்கப்புறம் ஆடி முடிய 825. 1076 மாசின்னா 1901.

---

சங்கிலிக்காரர் எழுதியது:

முதல் வரிக்கும் பட்டாவுக்கும் மட்டும் சொல்லுதேன்.

ஒரு கோட்டை விதைப்பாடுன்னா ஒரு கோட்டை நெல் விதைக்க வேண்டிய நிலம். அகராதியில இதுக்கு 1.62 ஏக்கர்னு போட்டிருக்கு. அப்போ ஒரு மரக்கால் விதைப்பாடு 162 ÷ 21, கிட்டத்தட்ட 7.7 சென்ட். உங்களுக்கு மொத்தம் 28 மரக்கால், ஒரு கோட்டையும் மூணுல ஒரு பங்கும். 1.62 × 1⅓ = 2.16 ஏக்கர். பட்டாவுல இருக்கிற 0.81.50 ஹெக்டேரை 247.1ஆல பெருக்குனா சுமார் 201 சென்ட். 15 சென்ட் வித்தியாசம் வருது.

இந்த 15 சென்டை வச்சு யாரையும் வம்புக்கு இழுத்துராதீங்க. விதைப்பாடு சங்கிலி போட்டு அளந்த அளவே இல்லை, விதையை வச்சுச் சொன்ன மதிப்பு. நெருக்கி விதைக்கிற வயல்ல அதே கோட்டை குறைஞ்ச நிலத்துலயே தீந்துரும், கலக்கமா, அதாவது இடைவெளி விட்டு விதைச்சா கூடுதல் நிலம் கேக்கும். வரப்பையும் வாய்க்காலையும் உள்ளடக்கிச் சொன்னவங்க உண்டு, விட்டுட்டுச் சொன்னவங்களும் உண்டு. 1.62ங்கிறது சராசரிக் கணக்கு. அதைக் கொண்டு எல்லைக்கல் நட முடியாது.

செய்ய வேண்டியது இதுதான். முதல்ல பழைய சர்வே எண்ணுக்கு இன்னைக்கு என்ன எண்ணுன்னு பாருங்க. 1979ல இருந்து 1987 வரைக்கும் நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்துல (யூ.டி.ஆர்.) பல கிராமத்துல எண்ணும் உட்பிரிவும் மாறிப் போச்சு. பழைய எண், புதிய எண் ஒப்பீட்டுப் பதிவேட்டை வட்டாட்சியர் அலுவலகத்துல கேளுங்க. அடுத்து ‘அ’ பதிவேடும் (கிராம நிலப் பதிவேடு) புலப்பட நகலும் (வயலோட அளவு வரைபடம்) வாங்கணும். இந்தப் பாகத்துல இருந்து பிற்பாடு ஏதாவது உட்பிரிவு தனியாப் போயிருக்கான்னு அதுல தெரியும். போயிருந்தா அதோட பரப்பையும் 201 கூடச் சேருங்க. பெரும்பாலும் அந்த 15 சென்ட் அங்கதான் உக்காந்திருக்கும், இல்லைன்னா வாய்க்கால் புறம்போக்கா எழுதியிருப்பாங்க.

பழைய புலப்படம் கையில கிடைச்சா அதுல நீளம் லிங்க் கணக்குல இருக்கலாம். ஒரு சங்கிலி 100 லிங்க், 66 அடி. ஒரு லிங்க் 7.92 அங்குலம். 1000 சதுர லிங்க் ஒரு சென்ட். புதுப் படத்துல மீட்டர். லிங்கை மீட்டர்னு நினைச்சுக் கணக்குப் போட்டா ஒரு சென்ட் வயல் கிட்டத்தட்ட 25 சென்ட் நிலமாத் தெரியும். வில்லங்கச் சான்று இணையத்துல 1975க்குப் பிந்தினதுதான் சுளுவாக் கிடைக்கும், அதுக்கு முந்தினதுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்துல மனு எழுதிக் கொடுக்கணும். 1986 அக்டோபருக்கு முந்தின பதிவுல ஸ்ரீவைகுண்டம் திருநெல்வேலி ஜில்லாவுலதான் இருக்கும், தூத்துக்குடின்னு போட்டுத் தேடாதீங்க.

---

வயக்காடு எழுதியது:

நாலாவது வரிக்கு வாரேன். ‘விதைக்கோட்டை 3’ன்னா 63 மரக்கால் இல்லை. நிலமும் இல்லை. விதைநெல்லை வைக்கோலுக்குள்ள வச்சுக் கட்டின உருண்டை மூணு. ஒரு உருண்டையில எத்தனை மரக்கால்னு சொல் மட்டும் வச்சுச் சொல்ல முடியாது, தூக்கவும் தண்ணியில முக்கவும் தோதா ஆளாளுக்கு ஒரு அளவுல கட்டுவாங்க. மச்சுன்னு இடம் போட்டிருக்கிறதே சாட்சி. தரையில வச்சா அடியில ஈரம் ஏறிரும்.

கட்டுற முறை: விதைநெல்லை ரெண்டு மூணு நாள் நல்ல வெயில்ல காயப்போடணும். கடிச்சா நசுங்கக் கூடாது, டக்குனு உடையணும். இன்னைக்குக் கருவிக் கணக்குல 13 சதவீத ஈரத்துக்குள்ள. வைக்கோல்பிரியைத் தரையில குறுக்கும் நெடுக்குமாப் போட்டு, மேல வைக்கோலைக் கனமாப் பரத்தி, நடுவுல நெல்லைக் கொட்டி, ஓரத்தை எல்லாப் பக்கத்துல இருந்தும் மேல தூக்கி மூடிப் பிரியால இறுக்கிச் சுத்தணும். சுத்தச் சுத்தக் கட்டையால தட்டி உருட்டுனாத்தான் உள்ள இடைவெளி இல்லாம இறுகும். அப்புறம் சாணியும் மண்ணும் குழைச்சு முழுசா மெழுகிக் காயவிட்டு மச்சுல ஏத்தணும்.

கெடுறதுக்குக் காரணம் ரெண்டே ரெண்டு. ஈரத்தோட கட்டினா உள்ள சூடேறிப் பூஞ்சை பிடிச்சு முளைப்பு செத்துரும், வெளிய இருந்து பாத்தாத் தெரியவே தெரியாது. மெழுகுன சாணியில வெடிப்பு விட்டா அந்துப்பூச்சி உள்ள போயிரும். மாசம் ஒரு தடவை தடவிப் பாத்து வெடிப்பை மெழுகிவிடணும்.

விதைப்புக்குக் கோட்டையை அவுக்காம அப்படியே தண்ணியில ஒரு நாள் முங்கவிட்டு, வெளிய எடுத்து வடியவச்சு, மேல பாரம் ஏத்தி இன்னொரு நாள் விடுவாங்க. உருண்டை ரொம்பப் பெருசாப் போச்சுன்னா நடுவுல சூடு கூடி அங்க மட்டும் வேர் நீண்டு பின்னிக்கும். தூவும்போது கட்டி கட்டியா விழும். இப்போ சாக்குல போட்டு 24 மணி நேரம் ஊறல், 24 மணி நேரம் இருட்டுல முளைகட்டல். பதரைப் பிரிக்க 10 லிட்டர் தண்ணிக்கு ஒன்றரைக் கிலோ உப்பு. மிதக்கிறதை அரிச்சு எறிஞ்சுட்டு மிச்சத்தை நல்ல தண்ணியில ரெண்டு மூணு தடவை அலசுங்க. உப்பு ஒட்டியிருந்தா முளை கருகும்.

சங்கிலிக்காரர் சொன்னதோட ஒண்ணு சேத்துக்கோங்க. இன்னைக்கு மத்திய கால ரக நடவுக்கு ஹெக்டேருக்கு 40 கிலோ விதை போதும்னு பரிந்துரை. 1.62 ஏக்கருக்கு 26 கிலோதான் ஆகும். இப்போத்த விதையளவை வச்சு அந்தக் காலத்துக் கோட்டை விதைப்பாட்டைத் திருப்பிக் கணக்குப் போட்டா நிலம் தாறுமாறா வரும்.

---

மேலவீதி எழுதியது:

ரொம்ப உதவியா இருக்கு. பத்திரத்தோட கடைசிப் பக்கத்துல ‘ஊர் மரக்காலால்’னு இருக்கு, முதல்ல கண்ணுல படலை. மூணாவது, அஞ்சாவது வரி பாக்கி. உருளி எப்படி அடுப்புக்குள்ள இருக்கும்?

---

தவசுப்பிள்ளை எழுதியது:

அடுப்புக்குள்ள இல்லை, ‘அடுப்புக்கு உள்ள’. அந்த அடுப்புக்கு உரிய பாத்திரம்னு அர்த்தம். சேர்த்து எழுதினதால வந்த வினை.

கோட்டையடுப்புன்னா கல்யாணத்துக்கு நீளமாத் தோண்டுற குழியடுப்பு. குழி அகலம் பாத்திரத்தோட அடி அகலத்துல முக்கால்வாசி இருக்கணும், அப்போதான் ரெண்டு கரையிலயும் பாத்திரம் உக்காரும். ஆழம் ஒன்றரை அடி போதும். நீளத்துக்கு எத்தனை பாத்திரமோ அத்தனையையும் வரிசையா வச்சுப் பாத்து, இடையில அரையடி விட்டுக் கூட்டிக்கோங்க. செம்மண் தரையில கரை நிக்கும். கரிசல்ல சூட்டுக்கு வெடிச்சு அண்டா ஒரு பக்கமாச் சரியும், அங்க செங்கல் கட்டாமத் தீ மூட்டாதீங்க. நனைஞ்ச செங்கலும் ஆகாது, வெடிக்கும். பாத்திர இடுக்கைக் களிமண்ணால அடைச்சுக் கடைசி ஓரத்துல மட்டும் புகைக்கு ஓட்டை விடணும்.

ஆனி, ஆடியில மேல்காத்து அடிக்கும்போது வாயை நேர் மேற்கே வச்சா தீ முழுக்கக் கடைசிப் பாத்திரத்துக்கு ஓடிரும், முதல் அண்டா கொதிக்கவே கொதிக்காது. வாயைச் சாய்ச்சு வச்சு ஓலைத்தட்டி மறைப்புக் கொடுங்க. குழித்தீயைக் கேஸ் மாதிரி சட்டுனு குறைக்க முடியாது. அதனால மறுவீட்டுச் சொதிக்கு (தேங்காய்ப்பால் குழம்பு) உருளியை இறக்கி வச்ச பிறகுதான் தேங்காய்த் தலைப்பால் ஊத்தணும். அடுப்புல இருக்கும்போதே ஊத்துனா திரிஞ்சுரும். உருளியைத் தனியாப் பத்திரத்துல எழுதுற அளவுக்கு அது மதிப்பான வெங்கலம்.

---

ஏட்டுச்சுவடி எழுதியது:

மூணாவது வரி நிஜக் கோட்டைதான். ஸ்ரீவைகுண்டம் பத்திரத்துல மொட்டையாக் ‘கோட்டை’ன்னா மண்சுவருக்குள்ள கோட்டைப் பிள்ளைமார் குடியிருந்த கோட்டை. இதே சொல் பாளையங்கோட்டைப் பத்திரத்துல வந்தா வேற. 1801 பிப்ரவரியில ஊமைத்துரை சிறையில இருந்து தப்பின கோட்டை அது, மேடை போலீஸ் ஸ்டேஷன் அதோட பழைய வாசல். செங்கோட்டைப் பத்திரம்னா அதுவும் வேற கதை, 1956 நவம்பர் 1 வரைக்கும் அது திருவிதாங்கூர் (1949ல இருந்து திருவிதாங்கூர்-கொச்சி), பதிவு வழக்கமே மாறும். ஊர்ப் பேரைப் பாக்காம எந்தக் கோட்டைன்னு சொல்லக் கூடாது.

அந்த வண்டித்தடம் புலப்படத்துல வண்டிப்பாதைப் புறம்போக்குன்னு தனி எண்ணா இருக்கான்னு பாருங்க. இருந்தா உங்க கீழ எல்லை அந்தப் பாதையோட மேல ஓரம். பாதை இப்போ தார்ரோடா அகலமாயிருந்தா, ரோட்டு ஓரத்துல இருந்து அளக்காம எல்லைக்கல்லுல இருந்து அளக்கச் சொல்லுங்க.

இன்னொண்ணு. பத்திரத்தைத் தட்டச்சு செஞ்சு வச்சுக்கிட்டு ‘கோட்டை’ன்னு தேடினா ‘அந்தக் கோட்டை அழித்து’ங்கிற மாதிரி வரியும் வந்து விழும். அது கோடு, இரண்டாம் வேற்றுமை ‘ஐ’ சேர்ந்து கோட்டை ஆயிருக்கு. பத்திரக் கடைசியில அடித்தல் திருத்தல் விவரம் எழுதுற இடத்துல இது வரலாம். அதுக்கு மரக்காலும் கிடையாது, சென்டும் கிடையாது.

---

வயக்காடு எழுதியது:

ஒரு கோட்டை விட்டுப் போச்சு. நிலா ‘கோட்டை கட்டியிருக்கு’ன்னா சுத்தி வட்டம் போட்டிருக்குன்னு அர்த்தம். கையை நீட்டி விரலை விரிச்சா நிலாவுல இருந்து வட்டம் ஏறக்குறைய ஒரு சாண் தள்ளி இருக்கும், 22 பாகை. உசரத்துல இருக்கிற மென்மேகத்துப் பனித்துகள்ல ஒளி முறிஞ்சு வர்றது. நிலாவை ஒட்டினாப்புல சின்னதா மங்கலா இருந்தா அது நீர்த்துளியால வர்ற வேற வளையம். ‘அகல் வட்டம் பகல் மழை’ன்னு சொல்றது பெரிய கோட்டையைத்தான். ஆனா அந்த மேகம் வந்தாலே மழை உறுதின்னு கிடையாது. களத்துல நெல் கிடந்தா எதுக்கும் படுதாவை எடுத்துப் பக்கத்துல வச்சுக்கோங்க.