மேற்கோள் குறி இட்டும் தொடர் சரியாகத் தேடப்படவில்லை: உதவி தேவை

கூடல்வாசி: நாட்டுப்புறப் பாடல் தொகுப்புக்குத் தேடல் வசதி அமைத்து வருகிறேன். “காடு மேடு” என்பதை இரட்டை மேற்கோளுக்குள் இட்டுத் தேடினாலும் “கூடு மூடிக் கிடந்தது” என்ற வரியும் சேர்ந்து வருகிறது. நாளை தொகுப்பாசிரியரிடம் காட்ட வேண்டும், விரைந்து உதவுங்கள்.

வெள்ளாறு: எந்த லைப்ரரி (ஆயத்த நிரல் தொகுப்பு), தேடல் அட்டவணையை எப்படி உருவாக்கினீர்கள் என்று சொல்லுங்கள்.

தட்டான்: யூனிகோட் (எழுத்துகளுக்கான எண் குறியீட்டு முறை) வடிவச் சிக்கலாக இருக்கும். ‘கொ’வின் துணைக்குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், இரண்டாகவும் எழுதலாம். எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்கு மாற்றுங்கள்.

நிலைவாசல்: அதனால் வரவேண்டிய வரி விடுபடுமே தவிர, வேண்டாத வரி வராது. ஆவணத்தைப் படித்துவிட்டுக் கேட்கும் பழக்கம் இங்கே அருகிவிட்டது. எஸ்கியூஎல் என்னும் தரவுத்தள வினவல் மொழியில் ஒற்றை மேற்கோளுக்குள் இரட்டை மேற்கோள் வர வேண்டும் என்பது தொடக்கப் பாடம்.

கூடல்வாசி: அப்படித்தான் இட்டிருக்கிறேன். எஸ்கியூலைட் தரவுத்தளம், அதன் முழுவுரைத் தேடல் பகுதியான எஃப்டிஎஸ்5. உரையைச் சொற்களாகப் பிரிக்கும் டோக்கனைசர் எதையும் குறிப்பிடவில்லை.

மருதம்: காரணம் அதுவே. குறிப்பிடாவிட்டால் யூனிகோட்61 என்ற டோக்கனைசர் இயங்கும். அது எழுத்து, எண் போன்ற வகைகளை மட்டுமே சொல்லின் பகுதியாகக் கொள்வதால், கால், கொம்பு, புள்ளி முதலிய நம் துணைக்குறிகள் எல்லாம் இடைவெளியைப் போலச் சொல்லை வெட்டிவிடுகின்றன. “காடு மேடு” என்பது க, ட, ம, ட என்றாகிறது. “கூடு மூடி” என்பதும் அதே நான்குதான். பதிவான சொற்களைப் பட்டியலிடும் எஃப்டிஎஸ்5வொக்கேப் அட்டவணை ஒன்றை உருவாக்கிப் பாருங்கள், ஒற்றை எழுத்துகள் குவிந்திருக்கும். எந்த வகைகள் சொல்லில் சேரும் என்பதைக் குறிக்கும் கேட்டகரீஸ் விருப்பத்தில், இயல்பாக உள்ள வகைகளை விட்டுவிடாமல், துணைக்குறிகள் அடங்கும் எம்என், எம்சி வகைகள் இரண்டையும் சேர்த்து எழுதி, அட்டவணையைப் புதிதாக உருவாக்கித் தரவை மீண்டும் ஏற்றுங்கள்.

தட்டான்: எஸ்கியூலைட் 3.34 பதிப்பில் வந்த, உரையை மும்மூன்று குறியீடுகளாக வெட்டும் ட்ரைகிராம் டோக்கனைசர் எளிதல்லவா?

மருதம்: மூன்று குறியீடுகளுக்குக் குறைவான சொல்லை அது தேடாது. ‘பூ’ இரண்டே குறியீடுகள். பூவைத் தேட முடியாத பாடல் தொகுப்பை எவரும் ஏற்கமாட்டார்.

நிலைவாசல்: இதைச் செய்தாலும் “கடலை பார்த்தான்” என்று தேடுபவருக்குக் “கடலைப் பார்த்தான்” கிடைக்காது. சொல்லிறுதியில் மிகும் க், ச், த், ப் ஆகியவற்றை நீக்கிய பிறகே அட்டவணையில் ஏற்ற வேண்டும்.

வெள்ளாறு: உடன்பட மாட்டேன். உள்ளது உள்ளபடி கிடைப்பதற்காகத்தானே மேற்கோள் இடுகிறோம்? ஒற்றெழுத்தை நீக்கினால் பொருளே மாறும் இடங்கள் உண்டு. பாடலில் அது இன்னும் மிகுதி.

நிலைவாசல்: ஒலிப்பதிவைக் கேட்டு எழுதியவர்கள் ஆளுக்கொரு விதமாக ஒற்று இட்டிருப்பார்கள். மூலப் பாடத்தைத் தொடாமல், ஒற்று நீக்கிய வடிவத்தைத் அட்டவணையின் தனிப் பத்தியில் (நெடுவரிசையில்) வைத்துத் தேடலாம்.

வெள்ளாறு: தனிப் பத்தி என்றால் மறுப்பில்லை.

கூடல்வாசி: எம்என், எம்சி சேர்த்தபின் “கூடு மூடி” வரவில்லை. நன்றி.