சுவிஸ் மலைப் பூ யாழ்ப்பாணத்தில் வளருமா?

கிணற்றடி:
சுவிஸில் இருக்கிற பெறாமகள் வாலிஸ் பக்கம் மலை ஏறப்போன இடத்தில் ஊதா நீலத்தில் ஒரு பூவைக் கண்டு படம் அனுப்பியிருக்கிறாள். தண்டு சதுரமாம், துளசிக்குச் சொந்தமாக இருக்குமோ? நல்லூர்த் திருவிழாவுக்கு வரும்போது விதை கொண்டு வரட்டோ என்று கேட்கிறாள். அங்கே சுண்ணாம்புக் கல் நிலம்தானாம், இங்கேயும் அதுதானே, வளவில் போட்டால் வராதா?

வேலியோரம்:
இலை எப்படி அக்கா, முழுசா, கீறிவிட்ட மாதிரியா?

கிணற்றடி:
ஒவ்வொன்றும் மூன்று, ஐந்து கீற்றாகப் பிரிந்து ஊசி மாதிரி. பூ பெருவிரல் நீளம்.

வேலியோரம்:
அப்ப டிராகோசெபலம் ஒஸ்ட்ரியகம் போலத்தான் இருக்கிறது. கிரேக்கத்தில் டிராகன் தலை என்று அர்த்தம், பக்கவாட்டில் பார்த்தால் வாயைப் பிளந்த மாதிரி இருக்கும். இதற்கு ரூயிஷியானா என்று ஒரு தங்கச்சியும் உண்டு, அதன் இலை பிரியாது, பூவும் சின்னன். இரண்டும் துளசி, புதினாக் குடும்பம்தான். ஆனால் விதைக்குக் கை வைக்க வேண்டாம் என்று உடனே சொல்லுங்கள், ஐரோப்பாவின் காட்டுச் செடிகளையும் விலங்குகளையும் காக்கிற 1979 பேர்ண் உடன்படிக்கையில் இரண்டுமே கடும் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கின்றன. வெயில் விழுகிற வறண்ட சரிவில் அங்கொன்று இங்கொன்றாகத்தான் நிற்கும், பற்றை மூடினால் அதுவும் போய்விடும்.

பனங்காய்:
சுண்ணாம்புக் கல் சரி, குளிருக்கு எங்கே போவது? அந்தச் செடி மாதக் கணக்கில் உறைபனிக்குள் கிடந்து பழகியது. எங்கள் மார்கழிப் பனி காதை மூடிக்கொண்டு கோயிலுக்குப் போகிற அளவுதான். அப்புறம் அனுமதி இல்லாமல் விதை கொண்டுவந்தால் விமான நிலையத்தில் பறித்துவிடுவார்கள்.

வேலியோரம்:
அந்தப் பூவின் சொந்தக்காரரைப் பார்க்க ஆசை என்றால் வேலிக்கரையில் தும்பை நிற்கும், போய்ப் பாருங்கள். தண்டை இரண்டு விரலுக்கிடையில் உருட்டினால் நாலு மூலையும் தட்டுப்படும். பூ விழுந்த பிறகு காய்ந்த கிண்ணத்தைப் பிரித்தால் அடியில் நாலு விதை.

கிணற்றடி:
பார்த்தேன் தம்பி, ஒன்றில் நாலு, இன்னொன்றில் மூன்றுதான்.

வேலியோரம்:
ஒன்று உதிர்ந்திருக்கும்.

கிணற்றடி:
படத்தோடு நிறுத்து என்று அவளுக்குச் சொல்லியாச்சு. விதைக்குப் பதிலாக சொக்லேட் கேட்டிருக்கிறேன்.