டெனை, ரிஜெக்ட்: இரண்டுக்கும் 'மறு' பொருந்துமா?

தம்பி, லினக்ஸ் தீயரண் கருவியான யூஎஃப்டபிள்யூவின் வரைகலை முகப்புக்கு நீங்கள் போட்ட சொற்பட்டியலில் ஓரிடம் இடிக்கிறது. வரும் இணைப்பைத் தடுக்கும் இரண்டு தெரிவுகளில் டெனைக்கு 'மறு', ரிஜெக்டுக்கு 'நிராகரி' என்று வைத்திருக்கிறீர்கள். தமிழில் இரண்டும் ஒன்றுதான். ஆங்கிலத் திரையிலேயே ஆளைக் குழப்புகிற சோடி அது. அந்தக் குழப்பத்தையும் சேர்த்து ஏன் தமிழாக்க வேண்டும்?

டெனையைத் தெரிவுசெய்தால் கருவி எழுதுவது, லினக்ஸின் பொதி வடிகட்டியான ஐபிடேபிள்ஸின் டிராப் விதி. வந்த தரவுப் பொதி அப்படியே மறைந்துபோகும், அனுப்பியவருக்குப் பதிலே கிடையாது. துறை (போர்ட்) ஒன்றுக்கு ரிஜெக்ட் விதி போட்டால், டிசிபி வழி வந்தவருக்கு ஆர்எஸ்டி என்ற இணைப்பு முறிப்புப் பதில் போகும், யூடிபி வழி வந்தவருக்கு ஐசிஎம்பி என்ற பிழையறிவிப்புச் செய்தி போகும். படலையில் நின்று கூப்பிடுகிறவருக்கு "ஆளில்லை, போங்கோ" என்பதும், மூச்சுக் காட்டாமல் உள்ளே இருப்பதும் ஒன்றா?

திருகோணமலை உட்துறைமுக வீதியில் ஓர் அலுவலகச் சேவையகத்தின் 22ஆம் துறையை டெனை போட்டு அடைத்ததாக வையுங்கள். தொலைவிலிருந்து உள்நுழைய எஸ்எஸ்எச் போட்ட லினக்ஸ் கணினி, எஸ்வைஎன் என்ற முதல் இணைப்புக் கோரிக்கைக்குப் பிறகு இன்னும் பல தடவை தட்டிப்பார்த்து, 2 நிமிடத்துக்குச் சற்று மேல் காத்துக் கிடக்கும். பாவிப்பவர் அதற்குள் கேபிளைக் கழற்றிப் பூட்டுவார், சுவிட்சைச் சந்தேகிப்பார். ஆர்எஸ்டி வந்திருந்தால் அந்தக் கணமே 'கனெக்‌ஷன் ரிஃபியூஸ்ட்' என்று தெரிந்திருக்கும். டெனைதான் கடுமையான பூட்டு என்று எண்ணுவதும் பிழை. துறைகளைத் துழாவும் என்மேப் கருவியை ஓட்டினால் பதிலில்லாத துறை 'ஃபில்டர்ட்' (வடிகட்டப்பட்டது) என்று விழும். தீயரண் இருப்பதை அந்த மௌனமே காட்டிக்கொடுக்கும். ஆர்எஸ்டி அனுப்பும் துறையோ 'குளோஸ்ட்' (மூடியது) என்று விழும், சேவை எதுவும் ஓடாத துறை போல.

ஆகவே டெனைக்கும் டிராப்புக்கும் 'விழுங்கு', ரிஜெக்டுக்கு 'மறுத்துரை'. வெறும் 'மறு' வேண்டவே வேண்டாம். 'மறுதொடக்கம்', 'மறுமுயற்சி' நிற்கிற திரையில் அது 'திரும்பச் செய்' என்றும் படும்.

தம்பியின் பதில்: அண்ணை, 'மறுத்துரை' உடனே பிடித்துவிட்டது. பதில் சொல்கிற வேலை சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. மற்றதற்கு 'வாளாவிடு' (பேசாமல் விட்டுவிடு) என்று யோசித்தேன். ஆனால் அவசரத்தில் வாசிப்பவர் கண்ணில் 'விடு' மட்டும் பட்டால் 'உள்ளே விடு' என்றாகிவிடும், தீயரணில் அதைவிட ஆபத்து வேறில்லை. 'கைவிடு'வுக்கும் அதே கதி. 'விழுங்கு' இருக்கட்டும். பொத்தானுக்குக் கீழே சிறிய எழுத்தில் 'பதில் போகாது' என்றும், 'மறுத்துரை'யின் கீழே 'மறுப்புப் பதில் போகும்' என்றும் சேர்த்து இன்றிரவு கோப்பை அனுப்புகிறேன்.