வவுச்சர் மூட்டையும் மெயிலும்

அம்மாப்பேட்டை, சேலம்

பெட்ஷீட், டவல் ஏற்றுமதி பண்ற ஒரு பிரைவேட் லிமிடெட்ல கணக்கும் கம்ப்யூட்டரும் நான்தான் பாக்கறேன். மெயிலை எங்க வைக்கணும், எத்தனை வருஷம் வைக்கணும்னு ஒரு விதி கொண்டுவர எனக்கு ரெண்டு வருஷம் ஆச்சு.

எங்க ஆபீஸ்ல மெயில் அவங்கவங்க அவுட்லுக்ல இறங்கிடும், சர்வர்ல ஒண்ணும் தங்காது. துணி வாங்கற பையர்ங்ககிட்ட ஆர்டர் பேசிப் பார்த்துக்கற மெர்ச்சண்டைசர் ஒருத்தர் வேலையை விட்டுப் போனதும் அவர் லேப்டாப்பை ஃபார்மட் பண்ணி அடுத்தவருக்குக் கொடுத்துட்டாங்க. நாலு மாசம் கழிச்சு பையர், "இந்த நீலம் நான் ஓகே பண்ண ஷேடே இல்ல"ன்னு தள்ளுபடி கேட்டார். லேப் டிப், அதாவது ஷேடு பார்க்கறதுக்காகச் சாயம் போட்டு அனுப்பற சின்னத் துணித் துண்டு, அதைப் பார்த்து சரின்னு அவரே போட்ட மெயிலை நான் கண்ணால பார்த்திருக்கேன். எடுத்துக் காட்ட வழியில்ல. கேட்டதைக் கழிச்சுக் கொடுத்தோம். அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல.

மறுநாளே எம்.டி.கிட்ட ஆர்க்கைவ், பேக்கப், கிளவுட்னு பேசினேன். "மாசாமாசம் செலவா? அவங்கவங்களைப் பத்திரமா வெச்சுக்கச் சொல்லு"ன்னுட்டார். அப்புறம் டெஸ்பாட்ச் கம்ப்யூட்டர்ல, அவுட்லுக் மெயிலை எல்லாம் சேர்த்து வைக்கற பி.எஸ்.டி. ஃபைல் 50 ஜிபியைத் தொட்டு, அதுக்கு மேல மெயில் இறங்காம நின்னுச்சு. அப்பவும் "பழசை அழிச்சுடு"தான்.

மூணாவது தடவை கம்ப்யூட்டர் பேச்சையே எடுக்கல. எம்.டி.யை மாடியில பழைய கணக்கு ரூமுக்கு வரச் சொன்னேன். வருஷவாரியா சிவப்புத் துணியில கட்டின வவுச்சர் மூட்டைங்க, இடுக்குல எல்லாம் அந்துருண்டை. அவங்க அப்பா காலத்துப் பழக்கம் அது.

"இதை எதுக்குங்கய்யா இவ்வளவு பத்திரமா வெச்சிருக்கோம்?"

"நாளைக்கு ஒருத்தன் கேட்டா காட்டணுமில்ல?"

"இப்ப ரேட்டு பேசறது, ஷேடு முடிவாகறது எல்லாம் மெயில்லதானுங்க. அதுக்கு மூட்டை எங்கங்க?"

ஒரு மூட்டையோட முடிச்சைத் தடவிக்கிட்டே நின்னவர், "எவ்வளவு ஆகும்னு எழுதிக் கொடு"ன்னார்.

ஒரே பக்கம் எழுதினேன். ஜிஎஸ்டி சட்டத்தோட 36ஆம் பிரிவுல, ஆண்டு ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாசம் கணக்கு இருக்கணும். கம்பெனிச் சட்டத்துல 8 நிதியாண்டு. அதனால ஆர்டர், பில், பேமெண்ட் மெயில் 8 வருஷம், வழக்கு இருந்தா அது முடியற வரை, மத்தது ஒரு வருஷம். பிரிண்ட் எடுத்து வெச்சா போதாதான்னு கேட்டார். 2000ஆம் வருஷத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தோட 7ஆம் பிரிவைக் காட்டினேன். யார் அனுப்பினது, யாருக்குப் போச்சு, எந்தத் தேதி, எத்தனை மணிங்கற விவரத்தோட, பின்னாடி திறந்து பார்க்கற மாதிரி இருக்கணும்னு அதுல இருக்கு.

அழிக்கறதுக்கு ஒத்துக்க வைக்கத்தான் ரொம்பப் பாடு. வெச்சா எல்லாத்தையும் வைன்னார். வேலை கேட்டு வந்த பொண்ணுங்களோட ஆதார் காப்பி, பேங்க் பாஸ்புக் பக்கம் எல்லாம் ஆறு வருஷமா யார் வேணா திறக்கற மாதிரி கிடந்துச்சு. திறந்து காட்டினேன். அவருக்கும் ரெண்டு பொண்ணுங்க. உடனே கையெழுத்துப் போட்டார்.

ஏற்காடு

சேலத்துக்காரர் எழுதினதைப் படிச்சேன். எங்களுது காபி எஸ்டேட் ஆபீஸ், ஒரே ஒரு கம்ப்யூட்டர். சித்திரை மழையில இடி விழுந்து மதர்போர்டு, ஹார்ட் டிஸ்க் ரெண்டும் போச்சு. எங்க காபிக்கொட்டையைத் தோல் நீக்கித் தரம் பிரிக்கற க்யூரிங் ஒர்க்ஸ் அனுப்பின அவுட்டர்ன் கணக்கு, அதாவது எந்தத் தரம் எவ்வளவு தேறுச்சுங்கற கணக்கெல்லாம் அதுலதான். ரெண்டு வாரம் ஒவ்வொருத்தருக்கா போன் போட்டுக் காப்பி கெஞ்சினேன். ஓனர் பக்கத்துலயே உட்கார்ந்து பார்த்தார், அதுக்கு மேல நான் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கல. இப்ப மெயில் சர்வர்லயே தங்குது. மாசக் கடைசியில ஒரு காப்பி எஸ்டேட் ஜீப்ல சேலத்துக்குப் போகுது.

அம்மாப்பேட்டை, சேலம்

ஏற்காட்டுக்காரரே, ஜீப்ல போற அந்தக் காப்பியைத் திறந்து பார்த்திருக்கீங்களாங்க? மூணு மாசத்துக்கு ஒருதரம் ஏதாவது ஒரு பழைய மெயிலைத் தேடி எடுத்துப் பாருங்க. நாங்க முதல் தடவை பார்த்தப்ப டெஸ்பாட்ச் ஃபோல்டர் காலியா இருந்துச்சு.