சூடானதும் ஏத்தத்தில் இழுக்காத 1973 டி2 கேம்பர்: எங்கே தொடங்கிறது?

வெஸ்ட்ஃபாலியா73:
வணக்கம். 1973 ஃபோல்க்ஸ்வாகன் டி2, வெஸ்ட்ஃபாலியா கேம்பர். 1600 எஞ்சின், 34 பிக்ட்-3 கார்பரேட்டர், பழைய டிஸ்ட்ரிபியூட்டரை (பிளக்குகளுக்கு மின்சாரம் பங்கிடுறது) எடுத்துட்டு 009 எண்ட வகை பூட்டியிருக்கு. இடம் ஸ்டுட்கார்ட் பக்கம். காலமை ஸ்டார்ட் எடுக்கிறதில் வில்லங்கம் இல்லை. அவுட்டோபானில் அரை மணித்தியாலம் 90இல் ஓடின பிறகு ஏத்தம் வந்தால் இழுவை விழுந்துபோகுது, மூண்டாம் கியரிலயும் திக்குது. காலை எடுத்தால் சைலன்சருக்குள்ள பட்பட் எண்டு வெடிக்குது. நிண்ட இடத்தில் ஆக்சிலேட்டரை மிதிச்சால் ஒரு கணம் செத்துத்தான் எழும்புது. கார்பரேட்டர் ஸ்குரூ மூண்டையும் திருப்பியாச்சு, பலனில்லை. புதுக் கார்பரேட்டர் வாங்கவோ?

காத்துக்குளிர்ச்சி:
வாங்காதேங்கோ தம்பி. முதல் வால்வு, பிறகு பொயின்ற் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ள மின்சாரத்தை வெட்டி விடுற தொடுப்பு), பிறகு டைமிங் (பிளக் பொறி அடிக்கிற நேரம்), அதுக்குப் பிறகுதான் கார்பரேட்டர். முந்தினது பிழையாக இருக்கேக்க பிந்தினதைச் சரிப்படுத்தேலாது.

வால்வை இரவு முழுக்க ஆறின எஞ்சினில்தான் பார்க்கவேணும். கியர் நியூட்ரலில், பிளக் நாலையும் கழட்டுங்கோ. கிராங்க் புல்லியில் (பெல்ட் ஓடுற சில்லில்) இருக்கிற வெட்டை எஞ்சின் கேஸின் நடு மூட்டுக்கு நேரே கொண்டுவாங்கோ. டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ள சுழலுற ரோட்டர் அதின்ட விளிம்புக் கோட்டைப் பார்த்தால் அது ஒண்டாம் சிலிண்டர், வலப்பக்கம் முன்னுக்கு இருக்கிறது. இடைவெளி 0.15 மி.மீ., இன்லெட்டுக்கும் எக்ஸோஸ்டுக்கும் ஒண்டுதான். ஃபீலர் தகடு லேசான இழுவையோடு போகவேணும். பிறகு புல்லியை இடஞ்சுழியாக அரைச் சுற்றுத் திருப்பினால் இரண்டு, இன்னொரு அரைச் சுற்று மூண்டு, பிறகு நாலு. எஞ்சின் வெடிக்கிற ஒழுங்கு 1-4-3-2. பின்பக்கமாகத் திருப்பிறபடியால் 1-2-3-4 எண்டு வரும், குழம்பத் தேவையில்லை.

ஒவ்வொரு ஹெட்டிலும் ரெண்டு கரையிலயும் இருக்கிறது எக்ஸோஸ்ட். மூண்டாம் சிலிண்டர் எக்ஸோஸ்டைக் கவனமாகப் பாருங்கோ. இடைவெளி இல்லாத வால்வு சீட்டில் முழுசாக இருக்காது, வெக்கையை ஹெட்டுக்குக் கடத்தேலாமல் எரிஞ்சுபோகும்.

பொயின்ற் இடைவெளி 0.4 மி.மீ., பிளக் 0.7. கண்டென்சரைக் கையோட மாத்துங்கோ. குளிரில் ஒழுங்காக வேலை செஞ்சு சூட்டில் விடுறது அதின்ட குணம். கொயிலும் அப்பிடித்தான்.

009இல் பொறியை முந்தப்பண்ணுறது சுழற்சி எடை மட்டும், எஞ்சின் உறிஞ்சலால் முந்தப்பண்ணுற வெற்றிட அட்வான்ஸ் இல்லை. 34 பிக்ட்-3 வெற்றிடக் குழாய் உள்ள டிஸ்ட்ரிபியூட்டருக்கெண்டு செய்தது. நீங்கள் சொல்ற அந்த ஒரு கணச் சாவுக்கு முதல் சந்தேகம் இதுதான். 009ஐ வைச்சிருக்கிறதெண்டால் நிமிசத்துக்கு 3500 சுற்றில் ஸ்ட்ரோப் லைட் பிடிச்சு டைமிங்கை 28 தொடக்கம் 30 டிகிரி வையுங்கோ, 32ஐத் தாண்டக் கூடாது. புல்லியில் டிகிரிக் கோடு இல்லாட்டி நூலால் அதின்ட சுற்றளவை எடுத்து 12ஆல் பிரியுங்கோ. வெட்டில் இருந்து வலப்பக்கமாக அவ்வளவு தூரத்தில் கீறினால் அது 30 டிகிரி.

ரப்பர்க்குழாய்:
பட்பட் சத்தத்துக்கு நான் காத்து ஒழுக்கைத்தான் முதல் தேடுவன். இன்லெட் மேனிஃபோல்ட் மூட்டில் ரெண்டு பக்கமும் ரப்பர் உறை இருக்கு, அது கீழ்ப்பக்கமாகத்தான் வெடிக்கும், மேலால் பார்த்தால் தெரியாது. ஐடிலில் விட்டுட்டுத் தண்ணி ஸ்ப்ரேயரால் உறையிலயும் கார்பரேட்டர் அடியிலயும் மெல்லிசாகத் தெளியுங்கோ. சுற்று மாறினால் அங்கே ஓட்டை. சூட்டு எஞ்சினில் கார்ப் கிளீனர் அடிக்கவே வேண்டாம். அதோட ஹீட்டர் பெட்டியும் சைலன்சரும் சேருற இடத்தில் கரிக்கோடு இருக்கோ பாருங்கோ, அதால் காத்து உள்ள போனாலும் வெடிக்கும்.

ஏத்தத்தில் மட்டும் விழுறதெண்டால் பெற்றோல் வருதோ எண்டும் பார்க்கவேணும். வலு விழுற இடத்தில் கரையாக நிப்பாட்டி டாங்கி மூடியைத் திறவுங்கோ. உஸ் எண்டு காத்தை இழுத்து, பிறகு வண்டி இழுத்தால் டாங்கி மூச்சுக்குழாய் அடைச்சிருக்கு.

ஒண்டை மட்டும் தள்ளிப்போடாதேங்கோ: பெற்றோல் குழாய். எத்தனோல் கலந்த பெற்றோலுக்குப் பழைய துணிப்பின்னல் குழாய் உள்ளால் உரிஞ்சுபோகும். எத்தனோல் தாங்கிற எரிபொருள் குழாய் போட்டு ரெண்டு நுனியையும் கிளிப்பால் இறுக்குங்கோ. கார்பரேட்டருக்குள்ள போற பித்தளை முனையைக் கையால் ஆட்டிப் பாருங்கோ. ஆடினால் அது கழண்டு டிஸ்ட்ரிபியூட்டருக்கு மேல பெற்றோல் ஊத்தும், வான் முழுக்க எரிஞ்சுபோகும்.

வெஸ்ட்ஃபாலியா73:
நன்றி. இடப்பக்க ரப்பர் உறை அடியில் விரலளவு கிழிவு. மூண்டாம் எக்ஸோஸ்டுக்கு 0.05 தகடுகூடப் போகேல்ல, மற்றதெல்லாம் 0.10க்கு மேல. எல்லாம் சரிசெய்து கண்டென்சரும் மாத்தியாச்சு. வெடி நிண்டிட்டுது, ஏத்தத்தில் மூண்டாம் கியர் பிடிக்குது. மிதிக்கேக்க வாற திக்கல் கொஞ்சம் கிடக்கு.

காத்துக்குளிர்ச்சி:
திக்கலுக்கு கார்பரேட்டரை இப்ப தொடலாம். சோக் திறந்த நிலையில், த்ரொட்டில் ஸ்டொப் ஸ்குரூ கேமைத் தொட்ட இடத்தில் இருந்து கால் சுற்று மட்டும், அதுக்குமேல அதைத் திருப்பாதேங்கோ. சின்ன ஸ்குரூவை மெல்ல அடிக்கு இறுக்கி இரண்டரைச் சுற்று வெளியால் எடுங்கோ. ஐடிலைப் பெரிய பைபாஸ் ஸ்குரூவால் 850 - 900க்குக் கொண்டுவாங்கோ. அதுக்கும் போகாட்டி வெற்றிட டிஸ்ட்ரிபியூட்டர் தேடுங்கோ.

மூண்டாம் எக்ஸோஸ்டை 500 கி.மீ. ஓடித் திரும்ப அளவுங்கோ. 0.15 அப்பிடியே நிண்டால் பயமில்லை. திரும்பவும் குறைஞ்சிருந்தால் வால்வு நீளுது; திரும்பத் திரும்ப அட்ஜஸ்ட் பண்ணி ஓடாதேங்கோ, தலை முறிஞ்சு பிஸ்டனில் விழ முதல் ஹெட்டைக் கழட்டுங்கோ.