செயின் மாற்றி நான்கு மாதம்கூட ஆகவில்லை, மறுபடியும் பல் தாவுகிறது

களுவாஞ்சிக்குடியிலிருந்து:

வணக்கம். என்னிடம் 100 சிசி மோட்டார் சைக்கிள் ஒன்று இருக்கிறது. பட்டிருப்புப் பாலத்தைக் கடந்து வெல்லாவெளிப் பக்கத்திலுள்ள பாடசாலைக்கு நாள்தோறும் அதில்தான் போய்வருகிறேன். மாரியில் சேறு, கோடையில் கிரவல் புழுதி. தைப்பொங்கலுக்கு முன்னர் செயினை மட்டும் மாற்றினேன்; பல்லுச் சக்கரங்கள் இன்னும் ஓடும் என்று கராஜில் சொன்னார்கள். இப்போது மனைவியையும் ஏற்றிக்கொண்டு இரண்டாம் கியரில் இழுக்கும்போது செயின் டக்கென்று தாவுகிறது. பழைய செயினில் 428 என்று அதன் அளவு எண் பொறித்திருந்தது. கடையில் 420, 428, 428 எச், கண்ணிகளுக்கிடையில் இறப்பர் வளையம் வைத்த விலை கூடிய ஓ-ரிங் என நான்கு வகை காட்டுகிறார்கள். எதை வாங்குவது?

அக்கரைப்பற்றிலிருந்து:

தம்பி, வாங்குவதற்கு முன் இரண்டு விடயங்களைப் பாருங்கள். செயினை இறுக்கமாகப் பிடித்து, கண்ணிகளைக் கோக்கும் ஓர் ஊசியின் நடுவிலிருந்து, அதையும் சேர்த்து எண்ணி, 21ஆவது ஊசியின் நடுவரை அளவுகோலால் அளவுங்கள். புதிய 428 செயினில் அந்த 20 கண்ணிகளின் நீளம் 254 மில்லிமீற்றர். 259ஐத் தொட்டால் அதன் காலம் முடிந்தது. பிறகு எஞ்சின் பக்கத்து மூடியைக் கழற்றி, சிறிய பல்லுச் சக்கரத்தின் பற்கள் ஒரு பக்கமாகக் கொக்கிபோல் வளைந்திருக்கின்றனவா என்று பாருங்கள்.

களுவாஞ்சிக்குடியிலிருந்து:

அளந்தேன் நானா. ஓரிடத்தில் 257, இன்னோரிடத்தில் 259. சிறிய சக்கரத்தின் பற்கள் சுறாவின் முதுகுச் செட்டைபோல் சாய்ந்திருக்கின்றன. பெரிய சக்கரமும் அவ்வாறே, சற்றுக் குறைவு.

அக்கரைப்பற்றிலிருந்து:

அப்படியானால் குற்றம் செயினில் மட்டும் இல்லை. செயின் நீண்டுவிட்டது என்று சொல்கிறோமே தவிர இரும்பு இழுபட்டு நீள்வதில்லை. ஊசிக்கும் அதைச் சுற்றியுள்ள புஷ்ஷுக்கும் நடுவே மணல் புகுந்து அரைப்பதால் ஒவ்வொரு கண்ணியிலும் சிறிது இடைவெளி கூடி, அதெல்லாம் சேர்ந்து நீளமாகத் தெரிகிறது. தேய்ந்த பல்லில் புதிய செயினைப் போட்டால் சுமையை எல்லாப் பற்களும் பகிராமல் ஒன்றிரண்டே தாங்கும். புதியதும் விரைவில் பழையதாகிவிடும். ஆகவே இரண்டு சக்கரங்களையும் செயினையும் ஒரே தடவையில் மாற்றுங்கள். பற்களின் எண்ணிக்கை பழையபடியே இருக்கட்டும்.

420ஐத் தொடவே வேண்டாம். இரண்டிலும் கண்ணியின் நீளம் 12.7 மில்லிமீற்றர்தான், ஆனால் 420இன் உள்ளகலம் குறைவு என்பதால் உங்கள் சக்கரத்தில் ஒழுங்காக அமராது. எச் என்பது தடித்த தகட்டைக் குறிக்கும். அது வலுவைக் கூட்டுமே தவிர மணலைத் தடுக்காது. ஓ-ரிங் தடுக்கும், உள்ளே கிரீஸையும் அடைத்து வைத்திருக்கும். ஆனால் அகலம் கூடியது என்பதால் சிறிய வண்டிகளில் எஞ்சின் உறையில் உராயக்கூடும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் 428 எச் வாங்கி, மிஞ்சும் பணத்தில், கழற்றி எறிந்துவிட்ட செயின் கவர் இருந்தால் அதைத் திரும்பப் பூட்டுவேன். புழுதிப் பாதைக்கு அதைவிட நல்ல மருந்து கிடையாது.

கல்லடியிலிருந்து:

இடையில் ஒரு வார்த்தை. எங்கள் பக்கம் கடற்காற்றில் ஒரு வாரம் எண்ணெய் காட்டாவிட்டாலே செயின் சிவந்துவிடும். பலர் கழிவு எஞ்சின் ஒயிலை ஊற்றுகிறார்கள். அதில் உலோகத் தூளும் கரியும் இருப்பதால் அது அரைப்பானாகவே வேலை செய்யும். மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் துடைத்து, காயவிட்டு, கியர் ஒயிலைக் கண்ணிகளின் உட்பக்கத்தில் சொட்டுச் சொட்டாக விடுங்கள். ஓட்டி வந்தவுடன், செயின் சூடாக இருக்கும்போது விட்டால் உள்ளே இறங்கும். எஞ்சினை நிறுத்திவிட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றியே செய்யுங்கள், இல்லையேல் விரல் போய்விடும். நான் 500 கிலோமீற்றருக்கு ஒரு தடவை செய்கிறேன். மழையில் நனைந்தால் அன்றைக்கே.

களுவாஞ்சிக்குடியிலிருந்து:

கவரை நானே கழற்றிப் பரணில் போட்டிருந்தேன், இனிப் பூட்டிவிடுகிறேன். செயினை எவ்வளவு இறுக்குவது? கராஜில் தந்திபோல் இறுக்கித் தந்தார்கள்.

அக்கரைப்பற்றிலிருந்து:

அதுவும் உங்கள் செயினைத் தின்றிருக்கும். மனைவியோ நெல் மூட்டையோ பின்னால் ஏறியதும் வண்டியின் பின்பகுதி தாழ்ந்து செயின் மேலும் இறுகும். அப்போது கியர்ப்பெட்டியின் பேரிங்கும் சேர்ந்து அடிவாங்கும். சக்கரத்தைச் சுற்றி, செயின் மிக இறுக்கமாக வரும் இடத்தைக் கண்டுபிடித்து, அங்கே கீழ்ப்பகுதியின் நடுவில் விரலால் தூக்கிப் பாருங்கள். சிறிய வண்டிகளுக்குப் பெரும்பாலும் 20 முதல் 30 மில்லிமீற்றர் வரை அசைவு இருக்க வேண்டும். உங்கள் வண்டியின் கையேட்டில் வேறு அளவு தந்திருந்தால் அதையே பின்பற்றுங்கள். பின்சக்கர அச்சின் இருபுறமும் உள்ள அளவுக் கோடுகள் சமமாக நிற்க வேண்டும். செயினின் இரு முனைகளையும் சேர்க்கும் இணைப்புக் கண்ணியின் கிளிப்பைப் பூட்டும்போது அதன் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்கட்டும். திறந்த முனை முன்னால் இருந்தால் எதிலாவது தட்டிக் கழன்றுவிடும்.