புதுப்பிப்பு: துணி போட்டு மூடிய கண்ணாடி

கொதிக்கிற எண்ணெய் கொட்டி இடது கன்னமும் கழுத்தும் வெந்தபோது, வீட்டுக் கண்ணாடிகளைத் துணி போட்டு மூடிவிட்டேன் என்று போன வருஷம் எழுதியிருந்தேன். நிறைய பேர் விசாரித்தீர்கள், அதனால்தான் இது.

தழும்பு இருக்கிறது. சிவப்பும் தடிப்பும் கொஞ்சம் குறைந்திருக்கிறது. முழுசாக அடங்க 1 முதல் 2 வருஷம் வரை ஆகலாம் என்றார் டாக்டர். தழும்பு தடிக்காமல் இருக்க அதன் மேல் சிலிகான் ஷீட், ஷீட்டின் மேல் அளவெடுத்துத் தைத்த இறுக்கமான உறை, நாளுக்கு 23 மணி நேரம், குளிக்கவும் சாப்பிடவும் மட்டும் கழற்றலாம். தொடையிலிருந்து எடுத்து ஒட்டிய தோல் சரியாக வியர்க்காது, அதனால் சித்திரை வெயிலில் எரிச்சலும் அரிப்பும் தாங்க முடியவில்லை.

அதைவிட வலித்தது, பார்க்க வந்த சித்தி சொன்னது: "நல்லவேளை, கல்யாணத்துக்கு அப்புறம் ஆச்சு." அன்பாகத்தான் சொன்னார், தெரியும். ஆனால் என் முகம் யாரோ பார்த்து முடிவு செய்ய வைத்த பொருள் மாதிரி ஆகிவிட்டது, நானும் பல மாதம் அப்படியே நம்பினேன்.

சரி, போன ஞாயிற்றுக்கிழமை பீரோ கண்ணாடியின் துணியை எடுத்துவிட்டு, கை நடுங்க நடுங்க பொட்டு வைத்துக்கொண்டேன். கழுத்தை இன்னும் பார்க்கவில்லை.